பெருங்குடற் புற்றுநோய்: காலத்தே அறிதலும் சிகிச்சையும்

மலத்துடன் இரத்தம் வெளிப்பட்டால் அதனை மூலநோய் என்று தாமே முடிவு செய்துகொண்டு, காரத்தைக் குறைத்து, கருணைக்கிழங்கு சமைத்து உண்டு, சில நாள் பொறுத்துப் பார்ப்பது மக்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். அவர்களுள் பெரும்பாலோருக்கு உள்ளபடியே புற்றுநோய் இராது. இரத்தமும் சில நாட்களில் தானே நின்றுவிடும். இவ்வழக்கம் நிலைபெற்றதற்கு அதுவே காரணம். ஆயினும், அவ்வாறு இரத்தம் கண்டவர்களுள் சிலருக்குப் பெருங்குடலிலோ, அதன் தொடர்ச்சியாகிய மலக்குடலிலோ புற்று தோன்றியிருக்கக்கூடும். புற்றிலிருந்து கசியும் இரத்தமும் இடையிடையே நின்றுபோவதுண்டு. ஆகவே, இரத்தம் நின்றதைக் கொண்டு நோய் இல்லை என்று கொள்வதற்கில்லை.

இவ்வாறு வீணே கழியும் மாதங்கள் நோயாளிக்குப் பெரும் நஷ்டத்தை விளைவிக்கின்றன. பெருங்குடற் புற்றுநோய் பெரும்பாலும் மெதுவாக வளரும் இயல்பினது. தொடக்கத்தில் கண்டறிந்தால் முற்றிலும் நீக்கத்தக்கது. புற்றாக மாறுமுன்பே அதன் வித்தைக் களைந்துவிடவும் வழியுண்டு. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, நோய் குடலளவில் அடங்கியிருக்கும்போது கண்டறியப்பட்டவர்களுள் 100-க்கு ஏறத்தாழ 90 பேர் ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்கின்றனர். கல்லீரல், நுரையீரல் முதலிய உறுப்புகளுக்குப் பரவியபின் வந்தவர்களுள் அவ்வாறு வாழ்வோர் 100-க்கு 15 பேர் அளவினரே. இவ்விரு எண்களுக்கும் இடையேயுள்ள வேற்றுமையைப் பெரிதும் நிர்ணயிப்பது காலமே. மக்களோடு நேரில் பழகும் கள ஊழியர்களும் ஆசிரியர்களும் இந்நோயைப் பற்றி அறிந்திருக்க வேண்டுவதன் அவசியம் இதனால் விளங்கும்.

குடலின் அமைப்பும் பணியும்

சிறுகுடல் முடிவுறும் இடத்தில், வயிற்றின் வலப்புறக் கீழ்ப்பகுதியில் பெருங்குடல் தொடங்குகிறது. அங்கிருந்து மேலேறி, கல்லீரலுக்குக் கீழே திரும்பி, வயிற்றின் குறுக்கே இடப்புறம் சென்று, பின்னர்க் கீழிறங்கி, ஒரு வளைவு வளைந்து மலக்குடலை அடைகிறது. இதன் மொத்த நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். உணவின் சத்துகளை உறிஞ்சும் வேலை பெரும்பாலும் சிறுகுடலிலேயே முடிந்துவிடுகிறது. எஞ்சிய கூழ் போன்ற பொருள் நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை பெருங்குடலினுள் வருகிறது. அதிலுள்ள நீரையும் உப்புகளையும் உறிஞ்சிக்கொண்டு, மிச்சத்தைக் கெட்டியாக்கி வெளியேற்றுவதே பெருங்குடலின் முக்கியப் பணி.

இந்த அமைப்பை நினைவில் வைத்தால் நோயின் குறிகளைப் புரிந்துகொள்வது எளிதாகும். வலப்பக்கத்தில் குடல் அகன்றது. உள்ளே செல்லும் பொருளும் நீர்த்திருக்கும். இடப்பக்கத்தில் குடல் குறுகியது, மலம் கெட்டிப்பட்டிருக்கும். ஒரே அளவுள்ள கட்டி இடப்பக்கத்தில் விரைவில் அடைப்பை உண்டாக்கும். வலப்பக்கத்திலோ எவ்விதத் தடையுமின்றி நெடுநாள் மறைந்து வளரும்.

நோய் தோன்றும் விதம்

குடலின் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்கள் நெடுநாள் வாழ்பவை அல்ல. ஒரு வாரத்திற்குள் பழையவை உதிர்ந்து, புதியவை அவற்றின் இடத்தை நிரப்புகின்றன. வாழ்நாள் முழுவதும் ஓயாது நடைபெறும் இப்புதுப்பித்தலில், உயிரணுவின் வளர்ச்சியை அடக்கியாளும் ஜீன்களில் எப்போதேனும் பழுது நேர்வதுண்டு. பழுதுற்ற உயிரணு உரிய காலத்தில் உதிராமல் பெருகிக்கொண்டே போனால், குடற்சுவரில் சிறு மொட்டுப்போன்ற வளர்ச்சி தோன்றுகிறது. இதனைப் பாலிப் அல்லது சதைமொட்டு என்பர்.

சதைமொட்டு புற்றுநோய் அன்று. அவற்றுள் மிகச் சிலவே பின்னர்ப் புற்றாக மாறுகின்றன. ஆனால் பெருங்குடற் புற்றுகளுள் பெரும்பாலானவை இத்தகைய சதைமொட்டுகளிலிருந்தே தோன்றுகின்றன. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பெர்ட் வோகல்ஸ்டைனும் அவருடைய சகாக்களும் 1988-ஆம் ஆண்டு முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இம்மாற்றத்தின் படிகளைத் தெளிவாக்கின. ஒரே ஒரு ஜீன் பழுதுறுவதால் புற்று உண்டாவதில்லை. பல ஜீன்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதுற வேண்டும். சிறு மொட்டு புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ ஆகின்றன. மருத்துவ விஞ்ஞானத்திற்கு இயற்கை அளித்திருக்கும் அவகாசம் இது.

சில குடும்பங்களில் இவ்வவகாசம் மிகக் குறைவு. பரம்பரையாக ஒரு ஜீனில் பழுதோடு பிறப்பவர்களுக்கு இளமையிலேயே நூற்றுக்கணக்கான சதைமொட்டுகள் தோன்றும் நோய் ஒன்று உண்டு. சிகிச்சையின்றி விட்டால் அவர்களுள் ஏறக்குறைய எல்லோருக்கும் நடுவயதிற்குள் புற்று ஏற்படுகிறது. சதைமொட்டுகள் மிகுதியாகத் தோன்றாமலே புற்று உண்டாகும் பரம்பரையும் உண்டு. 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நோய்க்கூறு ஆய்வாளராக இருந்த ஆல்ட்ரெட் வார்தின் என்பவரிடம், தையற்காரப் பெண் ஒருவர், தம் குடும்பத்தாரைப்போல் தாமும் குடலிலோ கருப்பையிலோ புற்றுநோய் கண்டு இறந்துவிடக்கூடும் என்று அஞ்சுவதாகக் கூறினார். அவர் அஞ்சியபடியே கருப்பைப் புற்றுநோயால் இறந்தார். வார்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் 1966-இல் இத்தகைய குடும்பங்களை மேலும் விவரித்தார். இதற்குக் காரணமான ஜீன்களுள் ஒன்று 1993-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று இது லிஞ்ச் நோய்க்குறித்தொகுதி எனப்படுகிறது. ஒரு குடும்பத்தில் தாய், மாமன், உடன்பிறந்தார் எனப் பலருக்கு இளவயதில் குடற்புற்றோ கருப்பைப் புற்றோ கண்டிருந்தால், எஞ்சியோர் மருத்துவ ஆலோசனை பெறுவது கடமையாகும்.

உலகிலும் இந்தியாவிலும்

2022-ஆம் ஆண்டிற்கான உலகக் கணக்கின்படி, அவ்வாண்டில் ஏறத்தாழ 19 லட்சம் பேருக்குப் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் புதிதாகக் கண்டது. 9 லட்சம் பேர் இறந்தனர். புதிதாகத் தோன்றும் புற்றுநோய்களுள் இது மூன்றாவது இடத்தையும், புற்றுநோய் மரணங்களுள் இரண்டாவது இடத்தையும் வகிக்கிறது. இந்தியாவில் நோயின் விகிதம் குறைவே. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளதில் ஒரு சிறு பங்கே இங்குக் காணப்படுகிறது.

விகிதம் குறைவு என்பதால் கவலையற்றிருக்க இடமில்லை. மும்பையிலுள்ள டாட்டா நினைவு மருத்துவமனைக்கு வந்த 800 நோயாளிகளைப் பற்றி 2017-இல் வெளியான ஆய்வில், அவர்களுடைய சராசரி வயது ஏறத்தாழ 47 என்று காணப்பட்டது. மேனாடுகளில் இந்நோய் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர்களையே தாக்குகிறது. உழைத்துக் குடும்பத்தைக் காக்கும் வயதினருக்கும் இது வருகிறது என்பதைக் கள ஊழியர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். இளவயதினர் என்பதாலேயே நோயாளியும் மருத்துவரும் புற்றை நினையாமல் காலம் தாழ்த்துவது உண்டு.

உணவிற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு நீண்டகாலமாக ஆராயப்பட்டு வருகிறது. உகாண்டாவில் பல்லாண்டு பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், நார்ப்பொருள் மிகுந்த உணவை உண்ணும் ஆப்பிரிக்க மக்களிடையே இந்நோய் அரிதாயிருப்பதை 1971-இல் எடுத்துக்காட்டினார். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளும், தவிடு நீக்காத தானியங்களை மிகுதியாக உண்போரிடையே நோய் சற்றுக் குறைந்திருப்பதைக் காட்டியுள்ளன. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி இந்நோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் அறிவித்தது. மதுபானம், புகையிலை, உடற்பருமன், உடலுழைப்பின்மை ஆகியவையும் நோயின் வாய்ப்பை மிகுவிக்கின்றன. நெடுநாள் நீடிக்கும் குடற்புண் அழற்சியும் அவ்வாறே. எனினும், நல்ல உணவும் உழைப்பும் உடையோருக்கு இந்நோய் வராது என்று கூற இயலாது. ஆதலின் தடுப்பு முறைகளோடு விழிப்பும் வேண்டும்.

அறிகுறிகளும் அவை திரிந்து தோன்றுதலும்

மலத்தில் இரத்தம் காணுதல், வழக்கமாயிருந்த மலப்போக்கு மாறி மூன்று வாரங்களுக்கு மேல் மலச்சிக்கலோ பேதியோ நீடித்தல், மலங்கழித்த பின்னும் மிச்சமிருப்பதுபோன்ற உணர்வு, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். தொடக்க நிலையில் எவ்விதக் குறியும் தோன்றாதிருத்தலும் உண்டு.

இந்தியச் சூழ்நிலையில் இக்குறிகள் வேறு நோய்களின் போர்வையில் மறைந்துபோகின்றன. இரத்தம் மூலமெனக் கொள்ளப்படுகிறது. பேதி சீதபேதியெனக் கொள்ளப்பட்டு, அமீபாவிற்கான மாத்திரைகள் திரும்பத் திரும்பத் தரப்படுகின்றன. வலப்புற வயிற்றிலுள்ள கட்டி குடற் காசநோயெனத் தோன்றலாம். காசநோய் இங்கு மிகுதியாதலின் இம்மயக்கம் நிபுணர்களுக்கும் நேர்வதுண்டு. எல்லாவற்றினும் எளிதில் ஏமாற்றுவது இரத்தசோகை. வலப்பக்கப் பெருங்குடலிலுள்ள புற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவில் நாள்தோறும் இரத்தம் கசிவதால், நோயாளி வெளுத்து, களைத்து, மூச்சிரைப்புடன் வருவார். அவருக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் சற்றுத் தேறுவார், கசிவோ தொடரும். நடுவயதைக் கடந்த ஆணிடமோ, மாதவிலக்கு நின்றுபோன பெண்ணிடமோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை கண்டால், இரத்தம் எங்கே இழக்கப்படுகிறது என்பதைத் தேடியே தீரவேண்டும். கொக்கிப்புழு இருப்பினும் அதனோடு தேடலை நிறுத்திவிடலாகாது.

பரிசோதனை முறைகள்

முதற் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. மருத்துவர் கையுறை அணிந்து மலவாயினுள் விரலிட்டுப் பார்த்தால், ஏழெட்டுச் சென்டிமீட்டர் தூரம் வரையிலுள்ள கட்டி தட்டுப்படும். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இப்பரிசோதனைக்கு நாணப்பட்டு நோயாளிகள் மறுப்பதால், மாதக்கணக்கில் காலம் வீணாகிறது.

இரண்டாவது, மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் பரிசோதனை. இக்காலத்தில் வழங்கும் முறை, மனித இரத்தத்தின் ஹீமோகுளோபினை மட்டும் தனித்து அறியவல்லது. ஆகையால் உணவில் பத்தியம் தேவையில்லை. சிறிதளவு மலத்தை ஒரு குப்பியில் சேகரித்துத் தந்தால் போதும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,000 பேருக்கு மேல் பங்குகொண்ட ஆய்வின் முடிவு 1993-இல் வெளியாயிற்று. அப்போது வழக்கிலிருந்த பழைய முறையாலேயே ஆண்டுதோறும் மலப்பரிசோதனை செய்துகொண்டவர்களிடையே இந்நோயால் ஏற்படும் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததை அது மெய்ப்பித்தது. ஜப்பான் 1992 முதல் 40 வயதைக் கடந்தோருக்கு இத்தகைய பரிசோதனையை நடத்தி வருகிறது.

மூன்றாவது, கோலனாஸ்கோப் எனப்படும் வளையத்தக்க குழாய்க் கருவியால் பெருங்குடல் முழுவதையும் நேரே நோக்குதல். ஐயத்திற்குரிய இடத்திலிருந்து சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தால் நோய் உறுதியாகும். இக்கருவி நோக்குவதோடு நில்லாது சிகிச்சையும் செய்யும். 1969-இல் நியூயார்க்கில் வில்லியம் வோல்ஃப், ஹிரோமி ஷின்யா என்ற இரு மருத்துவர்கள், குழாயின் வழியே ஒரு கம்பிச் சுருக்கைச் செலுத்தி, மின்சார வெப்பத்தால் சதைமொட்டை அறுத்து எடுத்தனர். வயிற்றைத் திறவாமல், புற்றாகக்கூடிய வித்தையே அகற்றும் வழி அன்று பிறந்தது.

இந்தியாவில் 2016-இல் வகுக்கப்பட்ட அரசுப் பரிசோதனை நெறிமுறைகள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று இடங்களின் புற்றுநோய்களுக்கே முதலிடம் அளித்தன. இந்நாட்டில் அவை மிகுதியாதலின் அது பொருத்தமே. பெருங்குடலைப் பொறுத்தமட்டில், குறி கண்டவுடன் மருத்துவரிடம் செல்வதே பொதுமக்களுக்கு உள்ள முதற்காப்பு.

இரத்தப் பரிசோதனை ஒன்றினால் இந்நோயைத் தொடக்கத்திலேயே அறிந்துவிடலாம் என்று சிலர் நம்புகின்றனர். 1965-இல் மாண்ட்ரியலில் கண்டுபிடிக்கப்பட்ட சி.இ.ஏ. என்னும் பொருளின் அளவு, சிகிச்சைக்குப்பின் நோய் திரும்புகிறதா என்பதைக் கவனிக்கப் பயன்படுகிறது. புதிதாக நோயைக் கண்டறிவதற்கு அது போதியதன்று.

நோயின் நிலைகள்

லண்டனிலுள்ள செயின்ட் மார்க் மருத்துவமனையின் நோய்க்கூறு ஆய்வாளர் கத்பர்ட் டியூக்ஸ், அறுத்தெடுக்கப்பட்ட மலக்குடல்களை வரிசையாக ஆராய்ந்து, நோயின் கதி அது எவ்வளவு ஆழம் சென்றுள்ளது என்பதைப் பொறுத்தது என 1932-இல் வகைப்படுத்தினார். இன்றைய நான்கு நிலைகளுக்கு அடிப்படை அதுவே. முதல் நிலையில் புற்று குடற்சுவரின் உட்படலங்களில் அடங்கியிருக்கும். இரண்டாவதில் சுவரை ஊடுருவியிருக்கும். மூன்றாவதில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களை அடைந்திருக்கும். காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறதே, அத்தகைய கணுக்கள் குடலைச் சுற்றியும் உண்டு. நான்காவதில் தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருக்கும்.

சிகிச்சை

பெருங்குடற் புற்றுக்கு முதன்மையான சிகிச்சை அறுவைச் சிகிச்சையே. புற்றுள்ள குடற்பகுதியை இருபுறமும் போதிய இடைவெளி விட்டு வெட்டி, அதனைச் சார்ந்த நிணநீர்க் கணுக்களையும் ஒருசேர அகற்றி, எஞ்சிய இரு முனைகளையும் இணைக்கின்றனர். நிலையைச் சரியாக நிர்ணயிக்கக் குறைந்தது 12 கணுக்களேனும் ஆராயப்பட வேண்டும் என்பது விதி.

மலக்குடலில் தோன்றும் புற்று கடினமானது; இடுப்பெலும்புகளின் நடுவே, சிறுநீர்ப்பைக்கும் நரம்புகளுக்கும் அருகே அமைந்தது. 1908-இல் லண்டனைச் சார்ந்த எர்னஸ்ட் மைல்ஸ், வயிற்றின் வழியாகவும் மலவாயின் வழியாகவும் மலக்குடலை முழுமையாக அகற்றும் முறையை விவரித்தார். அதனால் பலர் உயிர் பிழைத்தனர். ஆயின் வயிற்றில் நிரந்தரமான செயற்கை மலவாய் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரத்து மருத்துவர் பில் ஹீல்ட் 1982-இல், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைக் கிழியாமல் முழுதாகப் பிரித்தெடுக்கும் முறையை வெளியிட்டார். அவ்விடத்தில் நோய் திரும்புவது இதனால் வெகுவாகக் குறைந்தது. பலருக்கு இயற்கையான மலவாயையும் காப்பாற்ற முடிந்தது. மலக்குடற் புற்றுக்கு அறுவைக்கு முன்னரே கதிரியக்கச் சிகிச்சை அளிப்பதும் உண்டு.

கணுக்களுக்குப் பரவியிருந்தால் அறுவைக்குப்பின் மருந்துச் சிகிச்சை வேண்டும். அதன் அடிப்படை மருந்தாகிய ஃபுளூரோயூராசில், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹைடல்பெர்கரின் ஆய்வில் 1957-இல் வெளிப்பட்டது. புற்றணுக்கள் யூராசில் என்னும் பொருளை மிகுதியாக எடுத்துக்கொள்வது அறியப்பட்டிருந்தது. அதில் ஒரு ஹைட்ரஜன் அணுவிற்குப் பதிலாக ஃபுளூரின் அணுவைப் பொருத்தினார் அவர். அதனை உணவென ஏற்ற புற்றணு, டி.என்.ஏ.யைப் புதிதாக உருவாக்க முடியாமல் மடிகிறது. 2004-இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆக்சாலிபிளாட்டின் என்ற மருந்தையும் சேர்த்தால் பயன் மிகும் என்று காட்டியது. அம்மருந்தால் கைகால்களில் மரப்பு உண்டாவதுண்டு. ஆறு மாதங்கள் கொடுக்கப்பட்ட இச்சிகிச்சை, மூன்றாம் நிலையினருள் அபாயம் குறைந்தவர்களுக்கு மூன்று மாதங்களே போதும் என்று 2018-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு உணர்த்தியது. அதனால் பலர் நரம்புத் துன்பத்தினின்று தப்புகின்றனர்.

கல்லீரலுக்குப் பரவிய நிலையிலும், கட்டிகள் சிலவேயானால் அவற்றை வெட்டியெடுத்துக் குணப்படுத்துதல் சிலருக்கு இயலுகிறது. டி.என்.ஏ. பழுதைச் சீர்செய்யும் ஆற்றலை இழந்த ஒருவகைப் புற்றுகளுக்கு, உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தட்டியெழுப்பும் மருந்துகள் பெரும் பலனளிக்கின்றன. 2022-இல் நியூயார்க்கில் வெளியிடப்பட்ட சிறு ஆய்வில், இவ்வகை மலக்குடற் புற்றுடையோருள் முதலில் சிகிச்சை முடித்த 12 பேருக்கும் கட்டி முற்றிலும் மறைந்தது. ஆயினும் மலக்குடற் புற்றுகளுள் இவ்வகையின் பங்கு சிறிதே.

சிகிச்சைக்குப்பின் உடற்பயிற்சியும் மருந்துபோல் உதவுகிறது. மருந்துச் சிகிச்சை முடித்தவர்களை மூன்றாண்டுகள் முறையான பயிற்சியில் ஈடுபடுத்திய ஆய்வின் முடிவு 2025-இல் வெளிவந்தது. ஐந்தாண்டு முடிவில் நோயின்றி இருந்தோர் பயிற்சி பெற்றவர்களுள் 100-க்கு 80. அறிவுரைப் புத்தகம் மட்டும் பெற்றவர்களுள் 74. வேகமாக நடத்தல் போன்ற எளிய பயிற்சிகளே இதற்குப் போதுமானவை.

செயற்கை மலவாயைப் பற்றிய அச்சம்

வயிற்றில் துளையிட்டுப் பை மாட்டிவிடுவர் என்ற அச்சத்தினால் சிகிச்சையையே கைவிடுவோர் உண்டு. பலருக்கு அத்துளை தற்காலிகமானதே. குடல் இணைப்பு ஆறியபின் மூடப்படுகிறது. நிரந்தரமாக அமைந்தவர்களும் பையை முறையாகக் கையாளக் கற்றுக்கொண்டபின் வயலில் உழைக்கின்றனர், பிரயாணம் செய்கின்றனர், திருமணம் முதலிய விசேஷங்களில் கலந்துகொள்கின்றனர். வீட்டார் அருவருப்புக் காட்டாமல் பழகுவது நோயாளிக்குப் பாதி மருந்தாகும். இந்நோய் தொற்று வியாதியன்று என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்கவை

நோயை நிர்ணயிப்பது மருத்துவரின் பொறுப்பு. நோயாளியை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பது கள ஊழியரின் பொறுப்பு. வீடுதோறும் செல்கையில் ஐந்து வினாக்களைக் கேட்பது பயன் தரும்: மலத்தில் இரத்தம் கண்டதுண்டா? மலப்போக்கு அண்மையில் மாறியதா? காரணமின்றி உடல் மெலிந்ததா? இரும்பு மாத்திரை உண்டும் சோகை நீங்காதிருக்கிறதா? குடும்பத்தில் எவருக்கேனும் குடற்புற்று இருந்ததா? ஒன்றிற்கு ஆம் என்று விடை வந்தாலும், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்பி, விரற் பரிசோதனை நடந்ததா என்று பின்னர் விசாரிக்க வேண்டும். மூலத்திற்கு ஒரே ஊசியில் குணம் என்று விளம்பரம் செய்வோரிடம் செல்லுமுன் இப்பரிசோதனை நடந்திருக்க வேண்டும் என்பதை வற்புறுத்தல் நன்று. செலவை எண்ணித் தயங்கும் ஏழைக் குடும்பங்களுக்கு, 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் அவர்கள் இடம்பெற்றுள்ளனரா என்று பார்த்துச் சொல்லலாம்.

ஆசிரியரின் பணி இதனினும் ஆழமானது. மலங்கழித்தலைப் பற்றிப் பேசுவதே இழிவு என்ற எண்ணம் சிறுவயதிலேயே மனத்தில் ஊன்றிவிடுகிறது. ஜீரண உறுப்புகளைப் பற்றிய பாடம் பெரும்பாலும் சிறுகுடலோடு விரைந்து முடிந்துவிடுகிறது. பெருங்குடலின் வேலையையும், அதில் நோய் வந்தால் உடல் காட்டும் குறிகளையும் கூச்சமின்றி விளக்கினால், மாணவர் அதனை வீட்டிற்குக் கொண்டு செல்வர். தந்தையோ பாட்டியோ பல மாதங்களாக மறைத்துவைத்திருக்கும் ஒரு குறி, அப்பிள்ளை கேட்கும் ஒரு கேள்வியால் வெளிப்படக்கூடும். இந்நோயில் அவ்வாறு மீட்கப்படும் ஒவ்வொரு மாதமும் ஓர் உயிரைக் காக்கும் வாய்ப்பை மிகுவிக்கிறது.